ஆளில்லாத ஷிபுயா: ஒரு ஜப்பானிய விளையாட்டும் அதன் விமர்சகர்களும்

2022 மார்ச் 25 அன்று பிளேஸ்டேஷன் 5 கருவிக்கும் விண்டோஸ் கணினிக்கும் வெளியான 'கோஸ்ட்வயர்: டோக்கியோ' என்ற ஜப்பானிய வீடியோ விளையாட்டைப் பற்றி அந்த நாட்களில் எழுதப்பட்ட மதிப்புரைகளைச் சேர்த்துவைத்துப் படிப்பவருக்கு ஒரு விந்தை கண்ணில் படும். பெரும்பாலான மதிப்புரைகள் முற்பாதியில் இந்த விளையாட்டின் நகரத்தை வாயாரப் புகழ்கின்றன. பிற்பாதியில் அதே நகரத்தில் ஆட்டக்காரர் செய்ய வேண்டியிருக்கும் வேலைகளைச் சலிப்போடு குறைசொல்கின்றன. மதிப்பெண்களைத் திரட்டிச் சராசரி காட்டும் மெட்டாகிரிட்டிக் தளத்தில் நூற்றுக்கு 75ஐ ஒட்டிய எண்ணாக இந்தப் புகழும் குறையும் ஒன்றையொன்று கழித்துக்கொண்டு நிற்கின்றன. இரண்டு தீர்ப்புகளும் ஒன்றோடொன்று தொடர்பில்லாதவை போலவே எழுதப்பட்டிருந்தாலும், விளையாட்டின் அமைப்பைக் கூர்ந்து பார்த்தால், விமர்சகர்கள் எதைப் புகழ்ந்தார்களோ அதுவே அவர்கள் குறைசொன்னதற்கும் வேராக இருப்பது தெரியவரும். மனிதர்களே இல்லாத நகரம் என்ற ஒரே முடிவுதான் அழகையும் அலுப்பையும் இரட்டைப் பிள்ளைகளாகப் பெற்றது.

இதை உருவாக்கிய டாங்கோ கேம்வொர்க்ஸ் நிறுவனம், 1996இல் வந்த 'ரெசிடெண்ட் ஈவில்' மூலம் திகில் விளையாட்டுக்கு ஒரு இலக்கணம் வகுத்த ஷின்ஜி மிகாமியால் 2010இல் தொடங்கப்பட்டது. அதன் முந்தைய படைப்புகளான 'தி ஈவில் வித்தின்' (2014), அதன் இரண்டாம் பாகம் (2017) ஆகிய இரண்டும் ரத்தமும் இருளும் நிறைந்த திகில் விளையாட்டுகள். கோஸ்ட்வயரும் தொடக்கத்தில் அந்த வரிசையின் அடுத்த பாகமாகவே எண்ணப்பட்டுப் பின்னர் வேறு பாதையில் திரும்பியது. 2019 ஜூனில் லாஸ் ஏஞ்சலஸில் நடந்த இ3 கண்காட்சியில் இதை அறிமுகப்படுத்திய இகுமி நகமுரா, மேடையில் காட்டிய குழந்தைத்தனமான உற்சாகத்துக்காகவே ஒரே இரவில் புகழ்பெற்றார். சில மாதங்களில் அவர் நிறுவனத்தை விட்டு விலக, கென்ஜி கிமுரா இயக்குநராகப் பணியை முடித்தார். வெளியீட்டாளர் பெதெஸ்டா, 2021 மார்ச்சில் அதன் தாய் நிறுவனத்தோடு சேர்ந்து மைக்ரோசாஃப்ட்டின் கைக்கு வந்தது. இந்தத் தகவல்கள் மதிப்புரைகளிலும் இடம்பெற்றன என்றாலும், திகிலில் தேர்ந்த ஒரு பட்டறை திகிலற்ற ஒன்றைச் செய்துவிட்டதே என்ற ஏமாற்றத்தைச் சொல்லவே பெரும்பாலும் பயன்பட்டன. அந்த ஏமாற்றம் பெயரைப் பார்த்து எழுந்ததேயன்றிப் பொருளைப் பார்த்து எழுந்தது என்று சொல்ல முடியாது.

கதைக்களம் டோக்கியோவின் ஷிபுயா வட்டாரம். ஒரு மாலையில் வெண்மூடுபனி பரவுகிறது. அதில் பட்டவர்கள் அனைவரும் உடுத்த உடையை அப்படியே தரையில் விட்டுவிட்டு மறைந்துபோகிறார்கள். மோட்டார் சைக்கிள் விபத்தில் உயிர் பிரியும் நிலையில் கிடந்த அகிதோ என்ற இளைஞன் மட்டும், கேகே என்று அழைக்கப்படும் துப்பறிவாளரின் ஆவி தன் உடலுக்குள் புகுந்துகொண்டதால் பிழைக்கிறான். ஹன்யா முகமூடி அணிந்த ஒருவன் – ஹன்யா என்பது நோ நாடகத்தில் பொறாமையால் அரக்கியான பெண்ணைக் குறிக்கும் கொம்புள்ள முகமூடி – வாழ்வோர் உலகையும் மாண்டோர் உலகையும் இணைக்க முயல்கிறான். அதற்காக, மருத்துவமனையில் நினைவின்றிக் கிடக்கும் அகிதோவின் தங்கை மாரியைக் கடத்திச் செல்கிறான். ஒரே உடலில் இரண்டு உயிர்கள் வாக்குவாதம் செய்துகொண்டே ஆளற்ற தெருக்களில் நடப்பதுதான் விளையாட்டு முழுவதும்.

அந்தத் தெருக்களைப் பற்றி விமர்சகர்கள் சொன்னதில் மிகை ஏதும் இல்லை. மழையில் நனைந்த தார்ச்சாலையில் விளம்பரத் திரைகளின் நீலமும் சிவப்பும் கரைந்து ஓடுகின்றன. கடைவாசலில் விரித்தபடி விழுந்த குடை, அதனருகே சட்டை, காற்சட்டை, காலணி என ஒரு மனிதன் நின்ற வரிசையிலேயே சரிந்த துணிக்குவியல். அதைத் தாண்டினால் இருபத்துநான்கு மணி நேரக் கடையின் கண்ணாடிக் கதவு வழக்கமான மணியோசையோடு திறக்க, கல்லாவுக்குப் பின்னால் நெகோமதா எனப்படும் இரட்டை வால் பூனைப் பூதம் மிதந்தபடி வரவேற்கிறது. அங்கு வாங்கும் சோற்றுருண்டைக்கும் மீன்வடிவ இனிப்புப் பணியாரத்துக்கும்கூட அவை என்ன, எப்படி உண்ணப்படுகின்றன என்று சிறு குறிப்பு உண்டு. நாய்களும் பூனைகளும் மட்டும் மறையவில்லை. அவற்றின் மனத்தில் ஓடுவதைக் கதாநாயகனால் கேட்க முடிகிறது, எசமானர் எங்கே போனார் என்று அவை குழம்புகின்றன. உண்மையில் மினாதோ வட்டாரத்தில் இருக்கும் டோக்கியோ கோபுரத்தை அருகே இழுத்து வைத்துக்கொண்டது போன்ற சுதந்திரங்கள் இருந்தாலும், இது வரைபடத்துக்கு உண்மையாக இருப்பதைவிட நடந்து பழகியவரின் நினைவுக்கு உண்மையாக இருக்கும் நகரம்.

2020 ஏப்ரலில் பெருந்தொற்றுக்காக டோக்கியோவில் அவசரநிலை அறிவிக்கப்பட்டபோது உலகின் மிக நெரிசலான சாலைக் கடப்புகளுள் ஒன்றான ஷிபுயா சந்திப்பு வெறிச்சோடிக் கிடந்த காட்சியை இந்த விளையாட்டோடு இணைத்துப் பார்ப்பது எவருக்கும் இயல்பாகத் தோன்றும். ஆனால் ஆட்கள் மறையும் இந்தக் கரு 2019லேயே அறிவிக்கப்பட்டுவிட்டது. ஆகவே அதை நோய்க்காலத்தின் உருவகமாகப் படிப்பது காலக்கணக்கில் தவறு. வெளிவந்த நேரம் அதற்கு அந்தப் பொருளைச் சேர்த்துக் கொடுத்தது என்பது வேறு.

இனி குறைகளுக்கு வரலாம். ஓப்பன் வேர்ல்டு என்று ஆட்டக்காரர்கள் சொல்லும் திறந்த உலக வகையில், ஒரு பெரிய நிலப்பரப்பு முழுவதும் ஆட்டக்காரருக்குத் திறந்துவிடப்படுகிறது. எங்கு முதலில் போவது, எதைச் செய்வது என்பது அவர் விருப்பம். அந்தச் சுதந்திரம் வெறுமையாகப் போய்விடாமலிருக்க, வரைபடமெங்கும் சிறு குறியீடுகளாக வேலைகள் தூவப்படுகின்றன. 'அசாசின்ஸ் கிரீட்' (2007) உயர்ந்த கோபுரத்தில் ஏறினால் சுற்றுவட்டாரம் வரைபடத்தில் தெளியும் என்ற உத்தியைப் பிரபலப்படுத்த, 'ஃபார் கிரை 3' (2012) போன்றவை அதைத் தொழிற்சாலை அச்சாகவே ஆக்கிவிட்டன. கோஸ்ட்வயரில் கோபுரத்தின் இடத்தில் ஷிண்டோ கோயில்களின் தோரி வாயில் நிற்கிறது. தீட்டுப்பட்ட வாயிலைத் தூய்மைப்படுத்தினால் அந்தப் பகுதியின் மூடுபனி விலகி, குறியீடுகள் வெளிப்படுகின்றன. விமர்சகர்கள் இதைப் பழைய அச்சுக்குப் புதுச்சாயம் என்றார்கள். தோரி என்பது உலகியலுக்கும் புனிதத்துக்கும் இடையிலான எல்லைக்கல் என்பதை நினைத்தால், நஞ்சான பனியை எல்லைக்கு அப்பால் தள்ளும் வேலையை அதற்குக் கொடுத்தது கோபுரம் ஏறுவதைவிடப் பொருத்தமான கற்பனை என்றே சொல்ல வேண்டும். ஆனால் அதே வாயில் அதே கையசைவோடு பத்தாவது முறையாகத் தூய்மையாகும்போது பொருத்தம் யாருக்கும் நினைவிருக்காது.

காலமும் இந்த விளையாட்டுக்கு எதிராக இருந்தது. சரியாக ஒரு மாதம் முன்பு, 2022 பிப்ரவரி 25 அன்று வெளியான 'எல்டன் ரிங்', வரைபடக் குறியீடுகளை ஏறக்குறைய ஒழித்துவிட்டு, தொலைவில் தெரியும் ஒளியையும் இடிபாட்டையும் நம்பி ஆட்டக்காரரை நடக்கவிட்டது. 2017இல் நிண்டெண்டோவின் 'பிரெத் ஆஃப் தி வைல்டு' தொடங்கிவைத்த வழி அது. அந்த மாதம் முழுவதும் அதில் ஊறிக்கிடந்த விமர்சகர்களின் கண்ணுக்கு, குறியீடுகள் மொய்க்கும் ஷிபுயா வரைபடம் முந்தைய தலைமுறையின் பண்டமாகத் தெரிந்ததில் வியப்பில்லை.

இந்தக் குறையின் உச்சம் ஆவி சேகரிப்பு. மறைந்துபோன மக்களின் ஆவிகள் தெருமுனைகளிலும் மொட்டைமாடிகளிலும் நீலச்சுடர்க் கொத்துகளாக மிதக்கின்றன, மொத்தம் 2,40,300. கதாநாயகன் கதாஷிரோ என்னும் காகிதப் பொம்மையை நீட்டி அவற்றை உறிஞ்சிக்கொண்டு, தெருவோரப் பொதுத் தொலைபேசிக் கூண்டுக்குப் போய், அதன் வழியே நகருக்கு வெளியே அனுப்பி வைக்கிறான். கதாஷிரோ கற்பனைப் பொருளன்று. ஜப்பானில் ஜூன், டிசம்பர் மாத முடிவில் நடக்கும் பெருந்தூய்மைச் சடங்கில், மனித உருவில் வெட்டிய காகிதத்தை உடலில் தேய்த்து, மூச்சை ஊதி, தம் தீட்டை அதற்கு மாற்றி ஆற்றில் விடும் வழக்கம் இன்றும் உண்டு. அவ்வளவு மென்மையான ஒரு சடங்குப் பொருள் இங்கே கொள்கலம் ஆகிறது. ஒவ்வொரு பொம்மைக்கும் இத்தனை ஆவி என்று கொள்ளளவு. தொலைபேசியில் அனுப்பி முடித்ததும் திரையில் அனுபவப் புள்ளியும் பணமும் வரவாகின்றன. மீட்பு என்ற சொல்லை வைத்துக்கொண்டு, வசூல் என்ற செயலைச் செய்யவைக்கிறது விளையாட்டு. விமர்சகர்கள் 'திரும்பத் திரும்ப ஒரே வேலை' என்று இதைக் கடந்துபோனார்கள். உண்மையில் உறுத்துவது திரும்பச் செய்வதன்று, ஒவ்வொரு உயிருக்கும் ரசீது கிழிக்கப்படுவதுதான்.

ஏன் இப்படி ஆயிற்று என்பதற்கான விடை அந்த அழகான வெறுமையிலேயே இருக்கிறது. வழக்கமான திறந்த உலக நகரத்தில் வழிப்போக்கர்கள், வாகனங்கள், காவலர்கள், வம்புக்கு இழுக்கும் ரௌடிகள் என நிரப்பும் சரக்கு தானாகக் கிடைக்கும். இங்கே அவர்களையெல்லாம் கதையின் முதல் நிமிடத்திலேயே பனி விழுங்கிவிட்டது. மிச்சமிருப்பவை எதிரிகளும் பொருட்களும் மட்டுமே. எண்ணுவதைத் தவிர அங்கே செய்யக்கூடியது அதிகமில்லை. நகரைச் சுருக்கியிருந்தால், அல்லது ஆவிகளை ஆயிரக்கணக்கில் மிதக்கவிடாமல் பெயரும் முகமுமாகச் சிலவற்றை வைத்திருந்தால் இந்த நெருக்கடி வந்திருக்காது. அதற்கான சான்று விளையாட்டுக்குள்ளேயே இருக்கிறது: விமர்சகர்கள் ஒருமுகமாகப் பாராட்டிய கிளைப்பணிகள் அப்படிப்பட்டவைதாம். வீட்டுக்கு வளம் சேர்க்கும் குழந்தைப் பூதமான ஸாஷிகி-வராஷியை மீட்டுத்தரும்படி ஒரு மூதாட்டியின் ஆவி கேட்கும் சிறுகதையும், தலையில் நீர்க்குழியுள்ள கப்பா என்னும் நீர்ப்பூதத்துக்கு வெள்ளரிக்காயை வைத்துவிட்டு மறைந்திருந்து பின்தொடரும் வேட்டையும் கால்மணி நேரத்துக்குள் முடிந்துவிடுகின்றன. ஆனால் நினைவில் தங்குகின்றன. 1776இல் தோரியாமா செக்கியென் தொகுத்த பூதச் சித்திர நூல் முதல், 1979இல் பள்ளிப் பிள்ளைகளை நடுங்கவைத்த வாய் கிழிந்த பெண்ணைப் பற்றிய வதந்திவரை, பல நூற்றாண்டுகளின் பேய்க்கதைகள் இந்தக் கிளைப்பணிகளில் ஒரே தெருவில் குடியிருக்கின்றன.

சண்டையைப் பற்றிய தீர்ப்பு இன்னும் சிக்கலானது. இந்த விளையாட்டில் துப்பாக்கி இல்லை. கதாநாயகனின் இரண்டு கைகளே ஆயுதம். ஆட்டக்காரர் திரையில் காண்பது அந்தக் கைகளை மட்டுமே. விரல்கள் மடங்கி, பின்னி, நிமிர்ந்து, பசுமையான காற்றுத் துண்டுகளையோ, அகன்ற பிறைவடிவ நீர்வீச்சையோ, வெடிக்கும் தீ ஈட்டியையோ ஏவுகின்றன. அடிபட்ட பூதத்தின் மார்பு பிளந்து ஒளிரும் கரு வெளியே தெரிந்ததும், விரல்நுனிகளிலிருந்து பொன்னிற இழைகள் பாய்ந்து அதைச் சுற்றிக்கொள்கின்றன; ஆட்டக்காரர் விசையை அழுத்திப் பிடித்திருக்க, கையிலிருக்கும் கருவி அதிர, இழை இறுகி, ஒரு சுண்டலில் கரு பெயர்ந்து வருகிறது. முதல் மணி நேரத்தில் இதற்கு இணையான கிளர்ச்சி தரும் சண்டை அண்மைக்கால விளையாட்டுகளில் குறைவு.

இந்தக் கையசைவுகளின் மூலம் குஜி-கிரி என்னும் ஒன்பதெழுத்து முத்திரைச் சடங்கு. அந்த ஒன்பது எழுத்துத் தொடரின் வேர், 4ஆம் நூற்றாண்டுச் சீனத் தாவோ அறிஞர் கே ஹொங் எழுதிய நூலில், மலைக்குள் நுழைவோர் தம்மைக் காத்துக்கொள்ளச் சொல்லும் மந்திரமாக இருக்கிறது. ஜப்பானில் ஷுகெந்தோ மரபின் மலைத்துறவியர் அதைப் பௌத்தக் கைமுத்திரைகளோடு சேர்த்துக்கொண்டார்கள். முத்திரை என்ற வழக்கமோ இந்தியத் தாந்திரிகப் பௌத்தத்திலிருந்து கிழக்கே சென்றது. தென்னிந்தியாவிலிருந்து கடல்வழியே புறப்பட்டு 720 வாக்கில் சீனத் தலைநகரை அடைந்த வச்சிரபோதி, அந்த மரபை அங்கு வேரூன்றச் செய்த ஆசிரியர்களுள் ஒருவர். ஜப்பானின் ஷிங்கோன் பிரிவு இன்றும் அவரைத் தன் குரு வரிசையில் வைத்து வணங்குகிறது. பரதநாட்டிய மேடையில் முத்திரையைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, நீர்வீச்சுக்கு முன் அகிதோவின் விரல்கள் வளையும் விதம் முற்றிலும் அந்நியமாகத் தோன்றாததற்கு இந்த நெடும்பயணமும் ஒரு காரணம்.

ஆனால் முத்திரை என்பது தவறாமல், மாறாமல், திரும்பத் திரும்பச் செய்யப்பட வேண்டியது. சடங்கின் வலிமை மாறாமையில் இருக்கிறது. சண்டை விளையாட்டின் சுவையோ மாறிக்கொண்டே இருப்பதில் இருக்கிறது. மூன்று தனிமங்கள், ஒரு வில், சில மந்திரத் தாள்கள் என்று முதல் சில மணி நேரத்தில் கையில் வரும் கருவிகளே கடைசிவரை நீடிக்கின்றன. திறன்களை மேம்படுத்தினாலும் வேகமும் அளவும் கூடுகின்றனவே ஒழிய, புதிய உத்தி பிறப்பதில்லை. பத்தாம் மணியில் சண்டை சோர்கிறது என்ற புகார் முழுக்க நியாயமானது. கேகேயின் ஆவி கதாநாயகனிடமிருந்து பிரிக்கப்படும் சில கட்டங்கள் இதற்கு விலக்கு. அப்போது கைகள் வெறும் கைகளாகிவிட, வில்லோடு பதுங்கி நகர வேண்டியிருக்கிறது. வலிமை பறிக்கப்படுவதை எரிச்சலாகக் கொண்டவர்கள் உண்டு. இந்தப் பட்டறையின் பழைய திகில் கைவண்ணம் தலைகாட்டும் இடங்கள் அவை என்பதே சரியான கணிப்பாக இருக்கும்.

எதிரிகளின் வகை குறைவு என்ற குறையையும் அப்படியே ஏற்க முடியாது. கருங்கோட்டு அணிந்து, முகமில்லாமல், குடை பிடித்து வரிசையாக நடந்துவரும் அலுவலக ஊழியர்கள், தலையில்லாமல் துள்ளித் தாக்கும் சீருடை மாணவர்கள் – இவர்களே மிகுதியாக எதிர்ப்படுகிறார்கள். உழைத்து ஓய்ந்த நெஞ்சங்களிலிருந்து முன்னவர் பிறந்தார்கள் என்றும், எதிர்காலத்தை நினைத்துக் கலங்கும் இளையோர் மனத்திலிருந்து பின்னவர் பிறந்தார்கள் என்றும் விளையாட்டுக்குள் இருக்கும் குறிப்பேடு சொல்கிறது. அப்படியானால் அவர்கள் ஒரே மாதிரி இருப்பதில்தான் அவர்களின் பொருள் இருக்கிறது. முகமற்ற ஊழியர் நூறு பேருக்கும் தனித்தனி முகம் கொடுத்தால் அந்த உருவகம் செத்துவிடும். கிளைப்பணிகளில் உலவும் தொன்மப் பூதங்கள் பெரும்பாலும் உதவுபவையாகவும், இக்கால வாழ்க்கை பெற்ற பூதங்களே கொல்ல வருபவையாகவும் இருப்பது கவனிக்கத்தக்கது. குறை எங்கே என்றால், இந்தக் கருத்து குறிப்பேட்டின் வரிகளில் மட்டும் தங்கிவிட்டதில்தான். குடையைக் கேடயமாக விரிப்பதைத் தவிர, களைத்துப்போன ஊழியனுக்குரிய நடத்தை எதையும் அந்தப் பூதத்துக்குச் சண்டையில் கொடுக்கவில்லை.

கதையைப் பற்றி நீட்டிச் சொல்ல அதிகமில்லை. பெற்றோரை இழந்து, தங்கையின் படுக்கையருகே உட்காரத் தயங்கிய அகிதோ, மனைவியையும் மகனையும் வேலைக்காகக் கைவிட்ட கேகே, இறந்த மனைவியையும் மகளையும் விட்டுக்கொடுக்க மறுக்கும் ஹன்யா ஆகிய மூவரையும் ஒரே துயரத்தின் மூன்று வழிகளாக வைத்த திட்டம் நல்ல திட்டம். ஆனால் ஹன்யாவுக்குக் கிடைத்த காட்சிகள் சிலவே. வில்லன் வெளிறிப்போனான் என்று சொன்னவர்களோடு வாதாட இடமில்லை.

மதிப்புரை எழுதும் முறையும் இந்தத் தீர்ப்பில் பங்கு பெறுகிறது. வெளியீட்டுக்கு முன் கிடைக்கும் பிரதியை விமர்சகர் குறித்த நாளுக்குள் முடித்தாக வேண்டும். பிரதான கதையைப் பத்துப் பதினைந்து மணி நேரத்தில் முடித்துவிடலாம் என்றாலும், உலகம் முழுவதையும் பார்த்துத் தீர்ப்பளிக்க நினைப்பவர் மூன்று நான்கு நாட்கள் இடைவிடாமல் ஆவி பிடிக்க வேண்டியிருக்கும். இரவில் ஒரு மணி நேரம் அந்த மழைத்தெருக்களில் நடந்துவிட்டு அணைத்து வைப்பவருக்கு இளைப்பாறலாக இருப்பதே, ஒரே மூச்சில் உட்கார்ந்து முடிப்பவருக்குத் தண்டனையாகிவிடுகிறது. இது விமர்சகரின் பிழையன்று. ஆனால் அலுப்பு பண்டத்தில் எவ்வளவு, உண்ட வேகத்தில் எவ்வளவு என்று பிரித்துச் சொல்லும் பழக்கம் இத்துறையின் எழுத்தில் இன்னும் வேரூன்றவில்லை.

2023 ஏப்ரல் 12 அன்று எக்ஸ்பாக்ஸ் கருவிக்கு இந்த விளையாட்டு வந்தபோது, 'சிலந்தி இழை' என்ற பெயரில் இலவச இணைப்பொன்று எல்லாக் கருவிகளுக்கும் சேர்த்தே வெளியிடப்பட்டது. நரகத்தில் கிடக்கும் பாவி ஒருவனுக்குப் புத்தர் ஒரு சிலந்தி இழையை இறக்கிவிடுவதாக அகுதகவா ரியுனோசுகே 1918இல் எழுதிய சிறுகதையின் தலைப்பும் அதுவே. இணைப்பின் மையப் பகுதியில் முப்பது நிலைகளைச் சண்டையிட்டுக் கடக்க வேண்டும்; நடுவில் மாண்டால் மீண்டும் முதலிலிருந்து. அதாவது, விமர்சகர்கள் புகழ்ந்த நகரத்தை எடுத்துவிட்டு, அவர்கள் குறைசொன்ன சண்டையை மட்டும் தனியே பரிமாறியது அது. அதே இணைப்பில், அதிகம் பேசப்படாமல் ஒரு மூலையில், புதிய பள்ளிக்கூடம் ஒன்றும் சேர்க்கப்பட்டிருந்தது: இருண்ட நடைவழி, மூடிய வகுப்பறைக் கதவுகள், பள்ளிப் பேய்க்கதைகள். சிறிய இடம், சில ஆவிகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை என்று 2022 மார்ச்சிலேயே அந்த மதிப்புரைகள் சுற்றிவளைத்துக் கேட்டது ஏறக்குறைய இதைத்தான்.